காரில் பறவை எச்சம் பட்ட தழும்பை வீட்டிலேயே போக்க முடியுமா?

போக்கலாம், தழும்பு மேல்பூச்சோடு நின்றிருந்தால். கறுப்பு கார், கே.கே. நகரில் வேப்பமரத்தடியில் நிறுத்துகிறீர்கள், எச்சத்தைக் கழுவிய பிறகும் பானட்டில் வட்டமாக ஒரு மங்கல் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பட்டறைக்கு ஓட வேண்டிய அவசரம் இல்லை.

எல்லோரும் அமிலத்தையே குற்றம் சொல்வார்கள். எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம்தான். அது அரிக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் நம் ஊர் வெயிலுக்கும் இதில் சமபங்கு உண்டு. சித்திரை மாதத்தில் கறுப்பு பானட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில், நிறத்துக்கு மேலே அடித்திருக்கும் கிளியர் கோட் இளகி விரிகிறது. எச்சம் அதன் மேலேயே காய்ந்து இறுகுகிறது. இரவில் தகடு ஆறும்போது கிளியர் கோட் சுருங்கி, எச்சத்தின் வடிவத்தையே வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு கழுவினாலும் மங்கல் போகாததற்கு இதுதான் காரணம்.

முதலில் ஆழத்தைப் பாருங்கள். தழும்பின் மேல் தண்ணீர் விடுங்கள். நனைந்திருக்கும்போது மறைந்து, காய்ந்ததும் திரும்பத் தெரிந்தால் மேலோட்டமானது. நகத்தை மெல்ல ஓட்டும்போது தடுக்கினாலோ, நிறமே வெளுத்திருந்தாலோ, பூச்சு உரிந்திருந்தாலோ வீட்டு வைத்தியம் பலிக்காது; பெயிண்டிங் பட்டறைதான்.

மேலோட்டமானது என்றால், வெயில் ஏறுவதற்கு முன் நிழலில் வைத்து கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீர் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் எச்சத் தழும்போடு உப்புக்கறையும் சேர்ந்துவிடும். பிறகு ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே அந்த இடத்தைச் சூடாக்கி, தானாக ஆறவிடுங்கள். சூட்டில் இறுகிய வடிவம் சூட்டிலேயே ஓரளவு தளரும். லேசான தழும்பு இதிலேயே பாதி போய்விடுவதுண்டு.

மிச்சத்துக்கு பாலிஷ். கடையில் பொதுவாக ரப்பிங் காம்பவுண்ட் என்று கேட்டால் கொரகொரப்பான சரக்கு வந்துவிடும். கிளியர் கோட்டுக்கான நைஸ் பாலிஷ் என்று சொல்லி வாங்குங்கள். ஈரமான ஸ்பாஞ்சில் பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கை அகல இடத்தில் மட்டும் அழுத்தாமல் தேயுங்கள். மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட்டு, நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மங்கல் அந்தக் கோணத்தில்தான் தெரியும். கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியின் பருமன்கூட இராது. நீங்கள் தேய்ப்பது அதைத்தான். ஆகவே முக்கால்வாசி மறைந்துவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள் என்பேன். பானட்டின் விளிம்புகளில் பூச்சு இன்னும் மெல்லியதாக இருக்கும். அங்கே கூடுதல் கவனம் தேவை. 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. பழக்கமில்லாத கைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

முடிந்ததும் வேக்ஸ் தடவுங்கள். தேய்த்த இடத்துக்கு மட்டுமல்ல, பானட் முழுவதற்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் நிச்சயம் தேங்காய் எண்ணெய் சொல்வார். தடவியதும் பளபளக்கும், அடுத்த முறை கழுவும்போது தழும்பு அப்படியே நிற்கும், நடுவில் ஊர்த் தூசியெல்லாம் வந்து ஒட்டியிருக்கும். பற்பசையும் ஒருவகைத் தேய்ப்புப் பொருள்தான். ஆனால் அதன் துகள் எவ்வளவு கரடு என்று தெரியாமல் கறுப்பு பெயிண்டில் தேய்ப்பானேன்?

இனி விழும் எச்சத்தைக் காய்ந்த துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். விதையும் மணலும் கலந்தது அது. எச்சம் போய்க் கீறல் வந்துவிடும். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மேலே போட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, தேய்க்காமல் அள்ளி எடுங்கள். ஒரு ஸ்பிரே பாட்டிலும் பழைய மைக்ரோஃபைபர் துணியும் கார் கதவிலேயே கிடக்கட்டும். வேப்பம்பழம் உதிரும் மாதங்களில் காகமும் மைனாவும் அந்த மரத்தைவிட்டு நகராது. அந்த மாதங்களிலாவது காரை வேறு நிழலுக்கு மாற்றுங்கள். கவர் போடுவதென்றால் தூசியைக் கழுவிய பிறகு போடுங்கள். தூசியோடு போட்ட கவர் காற்றில் ஆடி ஆடியே பானட்டைக் கீறிவிடும்.