கெட்டிக்காரப் பிள்ளைக்கு யார் துணை? – வாசகர் கேள்வி பதில்

மீத்திறன் கொண்ட பிள்ளைகளை வளர்ப்பது குறித்து மொரிசியசின் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இங்கே பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். 2024 ஜனவரியில் பெலால் புயல் அடித்தபோது வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். அன்றிலிருந்து புயலைப் பற்றி எந்தப் புத்தகம் கிடைத்தாலும் அவள் விடுவதில்லை. வகுப்பிலோ ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக ஆசிரியை குறை சொல்கிறார். இப்போதே நல்ல டியூஷனில் சேர்த்தால்தான் பின்னாளில் 'லோரியா' (அரசு உதவித்தொகை பெறும் முன்னணி மாணவி) ஆவாள் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். என்ன செய்யலாம்?
— ஒரு தாய், ரோஸ் ஹில்

பதில்: அம்மா, ஏற்கெனவே தெரிந்த பாடத்தை மறுபடியும் மறுபடியும் கேட்க வேண்டியிருக்கும் பிள்ளை ஜன்னலைப் பார்ப்பதில் வியப்பில்லை. ஆசிரியையிடம் போய் வாதாட வேண்டாம், மகள் வீட்டில் படிக்கும் புத்தகங்களில் ஒன்றை எடுத்துச் சென்று காட்டி, "இவள் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டால் இதைப் படிக்க விடுவீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மறுக்கும் ஆசிரியையை நான் அதிகம் கண்டதில்லை.

பள்ளிப் படிப்பின் இறுதியில் வரும் எச்.எஸ்.சி. தேர்வில் முன்னணியில் வருவோருக்கு அரசு தரும் உதவித்தொகை பெரிய கௌரவம்தான். அதைப் பெற்ற பிள்ளையை ஊரே கொண்டாடுவதில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. ஆனால் உங்கள் மகள் அந்தத் தேர்வை எழுத இன்னும் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன. அடுத்த ஆண்டு, தொடக்கப் பள்ளியின் முடிவில் வரும் பி.எஸ்.ஏ.சி. தேர்வுக்குத் தேவையான பயிற்சியைக் கொடுங்கள். அதற்காக அவளுடைய மாலைப்பொழுது முழுவதையும் டியூஷனுக்குத் தாரைவார்த்துவிடாதீர்கள். தானாகப் பிறந்த ஆர்வம் ஒன்று பத்து வயதில் அவளிடம் இருக்கிறது. அது ஒருமுறை அணைந்துவிட்டால் எந்த டியூஷனாலும் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதை நான் பல பிள்ளைகளிடம் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

நாள்தோறும் ஒரு பொழுதை யாரும் தேர்வு வைக்காத வாசிப்புக்கு ஒதுக்குங்கள். படித்து முடித்ததும் "என்ன கற்றுக்கொண்டாய், சொல்" என்று கேட்பதும் தேர்வுதான். அதற்குப் பதிலாக அவளுடைய கேள்வி போகும் வழியிலேயே நீங்களும் போங்கள். தென் அரைக்கோளத்தில் புயல் கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்கிறது, வடக்கில் எதிர்த்திசையில் சுழல்கிறது; ஏன்? நம் பக்கத்துக் கடலில், கிழக்குத் தீர்க்கரேகை 55 பாகைக்குக் கிழக்கே வலுப்பெறும் புயலுக்கு மொரிசியசும், மேற்கே வலுப்பெறும் புயலுக்கு மடகாஸ்கரும் பெயர் சூட்டுவது எதனால்? இவற்றுக்கு விடை தேடப் புறப்பட்டால் புவியியல், இயற்பியல், வரலாறு மூன்றும் தாமாகவே வந்து சேரும். வாக்கோவாவில் உள்ள வானிலை நிலையத்துக்கு அவளே தன் கைப்பட ஒரு கடிதம் எழுதட்டும். குடும்பத்துப் பெரியவர்களிடம் 1960-இன் கரோல் புயலையும் 1975-இன் ஜெர்வேஸ் புயலையும் பற்றிக் கேட்டு, கூரை பறந்தது, கரும்பு சாய்ந்தது, தண்ணீரும் விளக்கும் இல்லாமல் கிடந்தது என்று அவர்கள் சொல்வதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். புத்தகம் சொல்வதும் பாட்டி சொல்வதும் ஒத்துப்போகாத இடம் ஒன்று நிச்சயம் வரும். எது சரி என்று அவள் தேடத் தொடங்கும்போது உண்மையான படிப்பு அங்கே நடக்கிறது. நகராட்சி நூலகத்தில் அவள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்கிக் கொடுங்கள். கியூர்பைப்பிலுள்ள கார்னெகி நூலகத்துக்கும் ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். குழந்தைகள் பகுதியிலிருந்து அவள் பெரியவர்கள் பகுதிக்கு நழுவிப் போனால் தடுக்காதீர்கள்.

இன்னொன்று. 1998-இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், "நீ கெட்டிக்காரி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் ஒருமுறை தோற்றதும் சோர்ந்து, அடுத்த சுற்றில் முன்பைவிடக் குறைவாகவே செய்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களோ விடாமல் முயன்று மேலும் நன்றாகச் செய்தார்கள். உறவினர் கூடும் இடத்தில் மகளை "எங்கள் வீட்டு லோரியா" என்று அறிமுகம் செய்வதை இன்றோடு நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: என் பேரன் எட்டு வயதுப் பிள்ளை, பிரெஞ்சுப் புத்தகங்களை ஒரே மூச்சில் படித்து முடிக்கிறான். தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் இரண்டு வரி எழுத்துக்கூட்டிவிட்டு மூடி வைத்துவிடுகிறான். வீட்டில் எல்லோரும் கிரியோல்தான் பேசுகிறோம். அவனைத் தமிழ் படிக்க வைப்பது எப்படி?
— ஒரு தாத்தா, கூட்லண்ட்ஸ்

பதில்: ஐயா, உங்கள் பேரனுக்குத் தமிழின் மேல் வெறுப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை. பிரெஞ்சில் பெரிய கதைகளைப் படித்துச் சிந்திக்கும் பிள்ளைக்கு, தமிழில் மட்டும் "இது பூனை, அது யானை" என்று நிற்பது அவமானமாக இருக்கிறது. வேகமாகக் கற்கும் பிள்ளைகளுக்கு எதிலாவது மெதுவாக இருக்க நேர்வது மற்றவர்களைவிட அதிகமாக வலிக்கும். ஆகவே எழுத்துக்கூட்டும் வேலையைக் கொஞ்ச நாள் நீங்கள் ஏற்றுக்கொண்டு, யோசிக்கும் வேலையை அவனிடம் விடுங்கள். நீங்கள் உரக்கப் படியுங்கள், அவன் கேட்கட்டும், புரியாத சொல்லுக்குக் கிரியோலில் பொருள் சொல்வதில் தயக்கம் வேண்டாம்.

விடுகதைகள் இத்தகைய பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றவை. "எட்டாத ராணி இரவில் வருவாள், பகலில் மறைவாள்" என்று போட்டால் நிலா என்று கண்டுபிடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆகாது. அடுத்த நாள் அவனே ஒரு விடுகதை கட்டிக்கொண்டு வருவான்.

பிறகு உங்கள் சட்டைப்பையிலிருந்து நம் நாட்டு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து அவனிடம் நீட்டுங்கள். அதில் தமிழ் எங்கே இருக்கிறது என்று அவன் தேடட்டும். 1998-இல் வெளியிட்ட புதிய நோட்டுகளில் தமிழ் இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது, தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன என்ற செய்தியை நீங்கள் நேரில் கண்டவராகச் சொல்லலாம். ஒரு வரி எழுத்துக்காக ஒரு நாடு தன் நோட்டை மாற்றியது என்று கேட்ட பிள்ளைக்கு அந்த வரியைப் படிக்க ஆசை வராமல் போகாது. பள்ளியில் அவன் படிக்கும் தமிழ்ப் பாடநூல் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் தயாரிப்பது. அதை வீட்டில் மறுபடியும் ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். வீட்டுத் தமிழ் வேறொரு சுவையோடு இருக்கட்டும்.

கேள்வி: நான் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன், ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் கணக்கில், ஆசிரியர் காட்டாத வழியில் விடை காண்கிறான். மற்றப் பாடங்களில் அக்கறை காட்டுவதில்லை. அவனுக்கு ஒரு நல்ல வழிகாட்டி வேண்டும். எங்கே தேடுவது, எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.
— ஒரு தந்தை, திரியோலே

பதில்: ஐயா, இந்தக் கடிதத்தை எழுத உங்களுக்கு எவ்வளவு கூச்சம் இருந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அந்தக் கூச்சத்தை மீறி எழுதியதே உங்கள் மகனுக்கு நீங்கள் செய்த முதல் உதவி.

கணித மேதை ராமானுஜனின் வாழ்க்கை எல்லோருக்கும் தெரிந்ததுதான்; ஆனால் அவரைக் கைதூக்கிவிட்டவர்களின் வரிசையை நாம் போதிய அளவு பேசுவதில்லை. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர் அவர். 1910-இல், ஒரு குமாஸ்தா வேலையாவது கிடைக்காதா என்று கேட்டுத் திருக்கோவிலூருக்குப் போய், டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர் ராமானுஜனின் கணக்கு நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வருவாய்த் துறையின் கடைசிப் படியில் ஒரு வேலை கொடுத்து இந்தத் திறமையை நசுக்க மனமில்லாமல், சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவர்கள் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் போய்ச் சேர்ந்தபோது மாதம் 25 ரூபாய் உதவி கிடைத்தது. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் மாலை நேரங்களில் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1913-இல் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. இவர்களில் எவரும் ராமானுஜனைத் தம்மோடு கட்டி வைத்துக்கொள்ளவில்லை. தம்மால் முடிந்த தூரம் அழைத்துச் சென்று, அடுத்தவரிடம் ஒப்படைத்தார்கள். நல்ல வழிகாட்டியிடம் நீங்கள் பார்க்க வேண்டிய குணம் இதுவே.

பியானோ, நீச்சல், கணிதம் முதலிய துறைகளில் உச்சத்தை எட்டிய 120 பேரை ஆராய்ந்து 1985-இல் பெஞ்சமின் புளூம் வெளியிட்ட முடிவும் இதற்கு இசைவானது. அவர்களுடைய முதல் ஆசிரியர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற நிபுணர்களாக இருக்கவில்லை. அன்பும் பொறுமையும் கொண்டு, துறையின்மேல் பிள்ளைக்கு ஆசை வரச் செய்தவர்களாக இருந்தார்கள். கண்டிப்பான பயிற்சியாளரும் பெரிய நிபுணரும் பின்னரே வந்தார்கள். ஆகவே பல்கலைக்கழகப் பேராசிரியரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று நினைத்துத் தயங்க வேண்டாம். உங்கள் வட்டாரத்தில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருப்பார். கோவில் சங்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் பெயர் சொல்வார்கள். மகன் சொந்தமாகக் கணக்குப் போட்ட நோட்டை அவனே எடுத்துக்கொண்டு வர, நீங்களும் உடன் செல்லுங்கள். "டியூஷன் வேண்டாம் ஐயா, இவன் யோசிப்பதை மாதம் ஓரிரு முறை கேட்டுவிட்டு, அடுத்து எதைப் படிக்கலாம் என்று சொன்னால் போதும்" என்று கேளுங்கள். இந்தச் சின்ன வேண்டுகோளை மறுப்பது கடினம். அந்த ஆசிரியரின் எல்லையை மகன் தாண்டும் நாளில், ரெதுய்யியில் உள்ள மொரிசியஸ் பல்கலைக்கழகத்தில் யாரைப் பார்க்கலாம் என்று அவரே சொல்லக்கூடும். பெல் வில்லேஜிலுள்ள ராஜீவ் காந்தி அறிவியல் மையத்துக்கும் ஒரு விடுமுறை நாளில் அழைத்துச் செல்லுங்கள்.

சந்திப்பு எப்போதும் கதவு திறந்த கூடத்திலோ நூலகத்திலோ, பிறர் பார்வையில் நடக்கட்டும். பிள்ளையின் நலம் நாடும் பெரியவர் இதற்குச் சம்மதிப்பார். சங்கடப்படுபவராக இருந்தால் அவர் வேண்டாம்.

மற்றப் பாடங்களை அவன் அறவே கைவிட அனுமதிக்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் வரும் என்.சி.இ. தேர்வு எல்லாப் பாடங்களையும் கேட்கும். ராமானுஜனின் உதவித்தொகை பறிபோன கதையை மகனிடமே சொல்லுங்கள். இன்னும் ஒன்று, ஐயா: வேலை முடிந்து வந்த பிறகு சிறிது நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எனக்குப் புரியும்படி சொல்" என்று கேளுங்கள். சமையலறையில் நாற்பது பேருக்கான அளவை முந்நூறு பேருக்கு மாற்றுகிறவர் நீங்கள். விகிதக் கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. அப்பாவுக்கு விளங்க வைக்க முயலும்போது தன் வழியில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: என் பிள்ளை மீத்திறன் கொண்டவன்தானா என்று தெரிந்துகொள்ள ஐ.க்யூ. சோதனை செய்ய வேண்டுமா?
— ஒரு வாசகர், பெல் ரோஸ்

பதில்: பெரும்பாலும் தேவையில்லை. 1921-இல் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் இத்தகைய சோதனையால் மேதைப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்தபோது, மதிப்பெண் போதவில்லை என்று விடப்பட்ட சிறுவர்களில் இருவர், வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும், பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார்கள். பேச்சில் கூர்மையாக இருக்கும் பிள்ளை எழுத்தைக் கண்டால் மட்டும் திணறினால் உளவியலாளரிடம் காட்டுவது அவசியம். வாசிப்புக் குறைபாடும் மீத்திறனும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பது உண்டு. அப்போதும் தேடுவது உதவிக்கான வழியே அன்றி எண் அல்ல.

கேள்வி: கோவிலில் மாலை நேரத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். இரண்டு பிள்ளைகள் எல்லோருக்கும் முன்பே முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். கூடுதல் பயிற்சி கொடுத்தால் முகம் சுளிக்கிறார்கள்.
— ஒரு தமிழாசிரியை, கம்ப் தியாப்ள்

பதில்: முகம் சுளிப்பது நியாயமே, தங்கையே. பத்து வாக்கியத்தைச் சீக்கிரம் எழுதியதற்கு மேலும் பத்து வாக்கியம் என்றால், அடுத்த முறை மெதுவாக எழுதுவதே புத்திசாலித்தனம் என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள். மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையையும் எப்போதும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள்; அவர்களும் கற்க வந்தவர்கள். வகுப்பின் மூலையில் ஒரு பெட்டி நிறைய புத்தகங்கள், பழைய இதழ்கள், கோவில் விழா மலர்கள் இருக்கட்டும். வேலை முடிந்ததும் கேட்காமலே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள். விரும்பினால் அந்த இருவரும் சேர்ந்து, கோவிலில் தொண்டு செய்யும் முதியவர் ஒருவரைப் பேட்டி கண்டு தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். அதை நீங்கள் திருத்தும்போது சிவப்பு மையைத் தவிர்த்து, ஓரத்தில் பென்சிலால் உங்கள் கேள்விகளை எழுதிக் கொடுங்கள். அவர்களே போய் மறுபடியும் விசாரித்து எழுதி வரட்டும்.