வழிகாட்டியின் எச்-இன்டெக்ஸ் 40 என்றால் என்ன அர்த்தம்?

தங்கை பாலக்காட்டில் மெட்டீரியல் சயின்ஸில் பிஎச்டி சேரப் போகிறாள், வழிகாட்டிக்கு எச்-இன்டெக்ஸ் 40, இது பெரிய எண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கொழிஞ்சாம்பாறைக்காரன்தான். என் அப்பாவுக்கு இதைப் பால் சொசைட்டி சீட்டின் பின்பக்கத்தில் எழுதித்தான் விளக்கினேன்.

ஒருவருடைய கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை, பெரியதிலிருந்து வரிசையாக, 50, 20, 9, 6, 5, 3 என்று வையுங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது. ஆறாவதற்கு 6 இல்லை. அப்படியானால் எச்-இன்டெக்ஸ் 5. முதல் கட்டுரையின் 50 என்பது நாளைக்கே 5,000 ஆனாலும் இது நகராது. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு.

சரி, 40? குறைந்தது நாற்பது கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நாற்பது மேற்கோள். நல்ல எண்தான். ஆனால் நானோ, பேட்டரி, சோலார் செல் பக்கமெல்லாம் கூட்டம் அதிகம், மேற்கோள் மளமளவென்று ஏறும். கணிதக்காரரோடு ஒப்பிடாதீர்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகளையும் சேர்த்து எண்ணும். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும். அப்புறம், மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ கட்டுரைகள் மேற்கோளை அள்ளிவிடும். நானாக இருந்தால், கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா, அதாவது வேலை செய்த மாணவருக்கு உரிய இடம் கிடைக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.