'ஃபோரேஜ்' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள்? இணைச்சொற்கள் உண்டா?

பறவை, விலங்கு பற்றி எழுதுகிறீர்கள் என்றால் 'இரை தேடுதல்' போதும். பெயர்ச்சொல்லாக வந்தால் அது தீவனம்: வைக்கோல், சோளத்தட்டை, கோ-4 புல் எல்லாம் அதில் அடங்கும்.

ஆனால் நான் மன்னார்குடிப் பக்கம். எங்கள் வயல்காட்டில் எந்த உயிர், எதைக் கொண்டு தேடுகிறது என்பதைப் பார்த்துத்தான் வினைச்சொல் வரும். ஆடு மாடு மேயும். கோழி குப்பையைக் கிளறும். குருவி கொத்தும். பன்றி வரப்பையே கிண்டிப் போட்டுவிடும்.

குறுவை அறுத்த வயலில் தண்ணீர் நிற்கும்போது வாத்து மந்தையை இறக்குவார்கள். அலகைச் சேற்றுக்குள் விட்டு, சளசளவென்று அலசிக்கொண்டே வரிசையாகப் போகும். சிந்திய நெல், நத்தை, புழு எதுவும் தப்பாது. புல்லைத் தொடாவிட்டாலும் இதற்குப் பெயர் வாத்து மேய்ச்சல்தான்!

மடையான் என்ற கொக்கு இதற்கு நேர்மாறு. மடை ஓரமாக மண்ணோடு மண்ணாக நிற்கும். மீன் கிட்டே வந்தால்தான் கழுத்து நீளும். வெள்ளை இறக்கை தெரிவதே பறக்கும்போதுதான். அதைத் 'தேடுகிறது' என்று எழுத எனக்கு மனசு வராது. 'இரைக்குக் காத்து நிற்கிறது' என்பேன். கோடியக்கரைக்கு வரும் பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து வடிகட்டித் தின்னும். அரிசியில் கல் அரிப்போமே, அந்த 'அரித்தல்' இதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

பழைய சொல் வேண்டுமென்றால் 'இரைதேர்தல்' இருக்கிறது. தேர்தல் என்றால் தேடி, ஆராய்ந்து எடுப்பது. என்ன, இன்றைக்கு எழுதினால் படிப்பவர் ஓட்டுப்பெட்டியைத்தான் நினைப்பார்.

மனிதர் என்று வந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை. பொதுவாக 'உணவு சேகரித்தல்' என்று எழுதலாம். ஊர்ப்பேச்சில் கீரை பறிப்பது, நண்டு பிடிப்பது, அறுத்த வயலில் கதிர் பொறுக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருக்கிறது. வாய்க்கால் வற்றும்போது சேற்றில் கையை விட்டு மீன் பிடிப்பதை 'தடவுவது' என்போம். விரால் என்று நினைத்துக் கெளுத்தியைப் பிடித்தால் முள் குத்திக் கை கடுக்கும்.

இந்தச் சொற்களை ஆள்மேல் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். 'ஊர் மேய்கிறான்' என்றால் சண்டைக்கு வருவார்கள். 'பொறுக்கி'யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.