திருநீற்றுப்பச்சிலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மளிகைக் கடையில் வாங்கிய சப்ஜா விதையை விதைத்தால், பாஸ்தாவில் போடும் பேசில் இலை கிடைக்குமா?

பதில்: பழைய விதையாக இல்லாவிட்டால் முளைக்கும், ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் மணம் பெரும்பாலும் இராது. இரண்டும் ஆசிமம் பசிலிக்கம் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவைதாம் என்றாலும், விதைக்காக வளர்க்கப்படும் திருநீற்றுப்பச்சிலையின் இலை பொதுவாகச் சிறியது, நெடி மிகுந்தது. இத்தாலியச் சமையலுக்கு உகந்த ஜெனோவீஸ் வகையின் இலையோ அகலமானது, இனிய மணம் கொண்டது. ஆகவே வகைப்பெயர் குறித்த விதைப் பொட்டலத்தையே வாங்குங்கள். விதையின் மேல் அரை சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடாமல், தெளிப்பானால் ஈரப்படுத்தி வந்தால், 5 முதல் 10 நாட்களில் முளைத்துவிடும். நனைந்த விதையைச் சுற்றி வழவழப்பான உறை தோன்றுவது இயல்பே. அழுகிவிட்டதாக எண்ணிக் கொட்டிவிட வேண்டாம்.

கேள்வி: கீழ் இலைகளை மட்டுமே பறித்து வருகிறேன். செடி ஒற்றைத் தண்டாக உயர்ந்து பூக்கவும் தொடங்கிவிட்டது. என்ன செய்வது?

பதில்: குறை பறிக்கும் முறையில்தான் இருக்கிறது. நுனிக்கொழுந்து இருக்கும்வரை அது பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும். முதிர்ந்த கீழ் இலைகளை எவ்வளவு பறித்தாலும் செடி கிளைக்காது. தண்டை உற்றுப் பாருங்கள்: ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்கும், அவற்றின் கக்கத்தில் கடுகளவுக்குத் துளிர்கள் ஒட்டியிருக்கும். அந்தக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் இரு துளிர்களும் கிளைகளாகும். செவ்வந்திக்கு நுனி கிள்ளுவதைப் போன்றதே இது. புதுச் செடியில் மூன்று, நான்கு அடுக்கு இலைகள் வந்ததுமே முதல் கிள்ளலைச் செய்துவிடலாம். வாசகர்கள் பலருக்கும் இதற்கு மனம் வருவதில்லை. ஆனால் அறுவடையும் கவாத்தும் இந்தச் செடிக்கு ஒன்றுதான். உங்கள் செடியில் பூங்கதிர்களை நீக்கி, பச்சையாக உள்ள கணுக்களுக்கு மேலே வெட்டுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். வெட்டிய நுனிகளில் பூக்காதவற்றின் கீழ் இலைகளை நீக்கிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால், ஓரிரு வாரங்களில் வேர் விடும்.

கேள்வி: ஐப்பசி மழைக்குப் பிறகு இலைகள் திட்டுத்திட்டாக மஞ்சளாகின்றன, அடியில் சாம்பல் நிறப் பூச்சும் தெரிகிறது. உரம் போதவில்லையா?

பதில்: உரக் குறைவுக்கு இலையின் அடியில் பூச்சு வராது. நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகி, அடியில் ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் தூள் படிந்திருந்தால் அது அடிச்சாம்பல் நோய். இலைகள் நெடுநேரம் ஈரமாக இருப்பதே அதற்கு வழிவிடுகிறது. நோயுற்ற இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். பெரும்பகுதி பாதித்த செடியைப் பிடுங்கிவிடுவதே நல்லது. மற்ற தொட்டிகளை இடைவெளி விட்டு, மழை நேரடியாக விழாத, ஆனால் வெயில் கிடைக்கும் இடத்தில் வையுங்கள்; காலையில், வேரடியில் மட்டும் நீர் ஊற்றுங்கள்.

கேள்வி: பறித்த இலை ஃபிரிட்ஜில் கறுத்துவிடுகிறதே?

பதில்: குளிர் இதற்கு ஆகாது. காம்போடு வெட்டி, டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, வெயில் படாமல் அடுப்படியிலேயே வையுங்கள்; சில நாட்கள் வாடாமல் இருக்கும். மிகுதியான இலையை எண்ணெய் விட்டு அரைத்து, ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கலாம். நிறம் சற்று மங்கினாலும், காய்ந்த இலையைவிட இதில் மணம் நன்றாகவே தங்கும்.