இல்லாத விரலை எப்படி நீட்டுவது?

கேள்வி: ஒன்பது மாதத்துக்கு முன் ஒரு விபத்தில் என் வலது கையை மணிக்கட்டுக்குச் சற்று மேலே எடுத்துவிட்டார்கள். கைதான் போனதே தவிர, அது இறுக்கி மூடிய முஷ்டியாக இன்னும் இருக்கிறது. நகம் உள்ளங்கையில் பதிகிற மாதிரி வலி, ராத்திரியில் ரொம்ப அதிகம். தெரிந்தவர் ஒருவர், “கண்ணை மூடி விரலை விரிக்கிற மாதிரி நினைத்துப் பாருங்கள், போய்விடும்” என்றார். நினைத்துப் பார்த்தேன், வலி கூடிவிட்டது. வீட்டில் இதை மனப்பிரமை என்கிறார்கள். தொடர்வதா, விடுவதா? (பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர்)

பதில்: வீட்டில் உள்ளவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். கை, கால் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த வலி வருகிறது. சைலஸ் வெய்ர் மிட்செல் என்ற அமெரிக்க மருத்துவர் 1871-லேயே இதற்கு ‘மாய உறுப்பு’ என்று பெயர் வைத்துவிட்டார். மாயம் என்பது உறுப்புக்குத்தான், வலி நிஜம். வெட்டுப்பட்ட நரம்பு முனைகள் தாமாகவே சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும். மூளையில் கைக்கு என்று இருக்கும் இடமும் காலியாகிவிடுவதில்லை. கை போய்ப் பல வருடம் ஆனவர்களை ஸ்கேனுக்குள் படுக்கவைத்து விரலை அசைக்கச் சொன்னாலும் அந்த இடம் வேலை செய்கிறது.

இனி உங்கள் நண்பரின் யோசனை. அது தப்பில்லை, அரைகுறை. 2007-ல் கால் இழந்தவர்களைக் குழுக்களாகப் பிரித்து ஒரு சோதனை நடத்தினார்கள். நாள் ஒன்றுக்கு 15 நிமிடம், நான்கு வாரம். இருக்கும் காலின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பயிற்சி செய்த 6 பேருக்கும் வலி குறைந்தது. கண்ணை மூடிக் கற்பனை மட்டும் செய்த 6 பேரில் 2 பேருக்குக் குறைந்தது, 4 பேருக்குக் கூடிவிட்டது. சின்ன சோதனைதான், ஆனால் உங்களுக்கு நடந்தது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. மறுபக்கம், பயிற்சியாளர் கூட இருந்து, உடம்பை முதலில் தளர்த்தக் கற்றுக்கொடுத்து, பல வாரம் பொறுமையாகக் கற்பனைப் பயிற்சி செய்தபோது வலி குறைந்ததும் உண்டு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், முழங்காலுக்குக் கீழே இழந்த ஒருவரை உட்காரவைத்து, “ஓடுகிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது, நாற்காலி விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நல்ல ஈடுபாடு என்று நினைத்தேன், முட்டாள்தனம். அடுத்த வாரம் ஆள் வரவில்லை. ஒரு மாதம் கழித்து வந்து சொன்னார்: “அம்மா, நீங்க ஓடச் சொன்னீங்க. அது இன்னும் ஓடிட்டே இருக்கு, நிறுத்தத் தெரியல.”

அதிலிருந்து யாரையும் எடுத்த எடுப்பில் ஓடச் சொல்வதில்லை. முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. இடது கையை வலது முன்கையின் மிச்சத்தின் மேல் லேசாக வையுங்கள். இல்லாத விரலை உண்மையிலேயே நீட்டப் பாருங்கள். உள்ளே தசை துடிப்பது பெரும்பாலும் தெரியும். விரல் நீள்வதை வெறும் படமாக மனசில் ஓட்டினால் அந்தத் துடிப்பு இருக்காது. முயல்வது ஒன்று, கற்பனை செய்வது இன்னொன்று, மூளையிலும் இரண்டும் வேறு வேறாகத்தான் பதிவாகின்றன. நீங்கள் கற்பனை என்று நினைத்து முஷ்டியோடு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள் என்பது என் ஊகம்.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு வாரம் முஷ்டியைச் சும்மா விடுங்கள். பல கோணங்களில் எடுத்த கைப் படங்களை வைத்துக்கொண்டு, இது இடது, இது வலது என்று சட்டென்று சொல்லிப் பழகுங்கள். குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் அதைச் சொல்வதற்கு மூளை உங்கள் கையையே சத்தமில்லாமல் திருப்பிப் பார்க்கிறது, வலியைச் சீண்டாமல். அடுத்த இரண்டு வாரம் கற்பனை: முதலில் தோள், பிறகு முழங்கை, பிறகு கட்டை விரல் மட்டும், அதுவும் ஒரு நெல் அளவு. ஐந்து நிமிடம் போதும். வலி ஏறினால் படங்களுக்கே திரும்பிவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கண்ணாடி அதற்குப் பிறகு.

கண்ணாடியை நெஞ்சுக்கு நடுவே, அதன் முகம் இடது கையைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி, வலது கையை அதன் பின்னால் மறைத்து, இடது கையின் பிம்பத்தைப் பாருங்கள். இடது கையில் மோதிரமோ கடிகாரமோ இருந்தால் கழற்றிவிடுங்கள், பிம்பம் உங்கள் வலது கை மாதிரியே தெரிய வேண்டும். இது 1990-களில் வி.எஸ். ராமச்சந்திரன் என்ற நரம்பியல் விஞ்ஞானி கொண்டுவந்த உத்தி. இரண்டு கையையும் சேர்த்து மூடி, சேர்த்தே மெதுவாகத் திறங்கள். முதல் நாள் பலருக்கு அழுகை வந்துவிடும், சிலருக்குத் தலைசுற்றும். கூட ஒருவர் இருக்கட்டும். எல்லாருக்கும் பலிக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன்.

வெட்டிய முனையில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா, சிவந்து வீங்கியிருக்கிறதா? அப்படியென்றால் பயிற்சிக்கு முன் அறுவை மருத்துவரைப் பாருங்கள், நரம்புக் கட்டியாகவோ தொற்றாகவோ இருக்கலாம். வலி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: தொடையோடு கால் எடுத்த என் அப்பா, பாதம் மட்டும் மேலே ஏறி வந்து தொடையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறார். கேட்கவே பயமாக இருக்கிறது. (இன்னொரு வாசகி)

பதில்: பயப்படாதீர்கள், நிறையப் பேர் சொல்வதுதான். டெலஸ்கோப்பை மடக்குகிற மாதிரி நடுப்பகுதி சுருங்கிப் பாதம் மேலே வந்துவிடும். அதைக் கீழே தள்ளச் சொல்லாதீர்கள். செயற்கைக் கால் மாட்டி நடக்கும்போது சிலருக்கு அது தானாக நீண்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. பாதம் அங்கே வலிக்கிறதா, சும்மா இருக்கிறதா என்று மட்டும் அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.