சாய்ந்த மரம் சும்மா கிடப்பதில்லை: கேள்வி பதில்

பட்டுக்கோட்டைப் பக்கம் 22 ஆண்டுகளாக மரம் அறுத்து வருகிறேன். மரம் அறுக்கும் இயந்திரம் பற்றி விவசாய நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

பேராவூரணி நண்பர்: ஐயா, காற்றில் மாமரம் ஒன்று வேரோடு சாய்ந்து கிடக்கிறது. நானே அறுக்கலாமா?

நிற்கும் மரத்தைவிடச் சாய்ந்த மரத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுவாரம், ஒரு தோப்பில் புளியமரம் சாய்ந்து கிடந்தது. வேர்த்தூர் மண்ணோடு ஆள் உயரத்துக்கு எழும்பி நின்றது. அதன் கீழிருந்த குழியில் ஒரு சிறுவன் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான். அவனைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு அறுத்தேன். அடிமரம் துண்டானதும் தண்டின் பாரம் விலகி, அந்தத் தூர் முழுவதும் நிமிர்ந்து குழிக்குள் 'தொம்' என்று உட்கார்ந்தது. அதன்பிறகு அன்று என்னால் இயந்திரத்தைத் தொட முடியவில்லை.

வளைந்து கிடக்கும் கிளை நாணேற்றிய வில். உள்வளைவில் நார் நெருங்கியிருக்கும், வெளிவளைவில் இழுபட்டிருக்கும். முதலில் நெருங்கிய பக்கம் கால்பங்கு ஆழம் மட்டும் வெட்டுங்கள். பிறகு இழுபட்ட பக்கத்திலிருந்து முடியுங்கள். கிளை எகிறும் பக்கம் நிற்காதீர்கள். மின்கம்பி சிக்கியிருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

ராமநாதபுரம் நண்பர்: சீமைக்கருவேல விறகு அறுத்தால் தூள் மாவாக வருகிறது, புகையும் வருகிறது.

சங்கிலி மழுங்கிவிட்டது. கூரான சங்கிலி மாவாக அல்ல, சீவலாகத் தள்ளும். அழுத்தி அறுக்காமல் அரம் போடுங்கள். சங்கிலிக்கு எண்ணெய் இறங்குகிறதா என்றும் பாருங்கள். விறகைத் தரையில் போட்டு அறுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு நொடி மண்ணில் பட்டாலும் கூர் போய்விடும்.

பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலப்பது?

பெரும்பாலானவற்றுக்கு லிட்டருக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி.

இயந்திரம் திடீரென்று முகத்தை நோக்கி எகிறியது. பழுதா?

பழுது இல்லை. சங்கிலி ஓடும் தகட்டின் நுனியில், மேல் பாதி எதிலாவது பட்டிருக்கும். சங்கிலி நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடுகிறது. சுதாரிக்க நேரமே கிடைக்காது. நுனியால் தொடாதீர்கள். இடது கட்டைவிரல் முன்பக்கக் கைப்பிடியைச் சுற்றியே இருக்கட்டும்.

புதுக்கோட்டை நண்பர்: தைலமரத்துக்கு நான் வாய் (சாய வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் எடுக்கும் வெட்டு) வெட்டுவதே இல்லை. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு, பின்னாலிருந்து ஒரே வெட்டு. பத்து வருடமாக ஒன்றும் ஆகவில்லையே?

அண்ணா, தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். வாய் இல்லாமல் பின்னால் அறுத்தால், மரம் சாயத் தொடங்கும்போது தண்டு நெடுக்காகப் பிளக்கும். பிளந்த பாதி மேலே எகிறி, அறுப்பவர் நெஞ்சுக்கு நேராக வரும். தைலமரம் இப்படிப் பிளப்பதில் மோசமான மரம். கயிற்றில் இழுத்தால் ஆபத்து கூடத்தான் செய்யும்.

இன்னொருவர்: அவர் சொல்வது சரிதான். வாய் வெட்டினால் மரக்கட்டை வீணாகிறது.

வீணாவது ஒரு சாண் ஆப்பு. அதற்காகவா இவ்வளவு?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுக்கலாமா? மரத்தில் ஏறி ஒரு கையால் அறுக்கலாமா?

இரண்டுமே கூடாது. இதை மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரு கையால் பிடிப்பவருக்கு நுனி எகிறினால் தடுக்க வழியில்லை. பூட்ஸ், தலைக்கவசம், கண்ணுக்கும் காதுக்கும் காப்பு வேண்டும். நீள இழைகள் வைத்துத் தைத்த காற்சட்டை கிடைக்கிறது. சங்கிலி பட்டால் இழைகள் பல்சக்கரத்தில் சுற்றி அதை நிறுத்திவிடும்.

எந்த நிறுவன இயந்திரம் நல்லது?

உங்கள் ஊரில் எதற்கு உதிரிபாகம் கிடைக்கிறதோ அது.

வீட்டுச் சந்தன மரத்தை வெட்டலாமா?

வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

புதுக்கோட்டை நண்பர்: சரி தம்பி, வாய் எவ்வளவு ஆழம் வெட்டுவது?

கேட்டதற்கு நன்றி அண்ணா. 40 செ.மீ. மரம் என்றால், சாய வேண்டிய பக்கம் 10 செ.மீ. ஆழம் வாய் வெட்டுங்கள். எதிர்ப்பக்கம், வாயின் அடியைவிட இரண்டு விரல் உயரத்தில் பின்வெட்டு. முழுவதும் அறுத்துவிடாமல் நடுவில் 4 செ.மீ. விட்டுவிடுங்கள், அதுதான் கதவுக் கீல் போல மரத்தைத் திருப்பிப் படுக்கவைக்கும். மரம் அசைந்ததும் பின்பக்கமாகச் சாய்வாக விலகுங்கள். அந்த வழியை முன்பே தடையில்லாமல் செதுக்கி வையுங்கள். சிறிய மரத்தில் தொடங்குங்கள். விழுந்தபின் அடிக்கட்டையைப் பாருங்கள்: அந்தக் கீல் இரு ஓரத்திலும் ஒரே தடிமனில் இருந்தால் வெட்டு சரி.