வாட்ஸ்அப்பா, டெலிகிராமா, சிக்னலா? பேரணாம்பட்டிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: எங்களுக்குப் பேரணாம்பட்டுப் பக்கம். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீரை ராத்திரியில் ஓடையில் விடுவதைப் படம் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் மனு கொடுத்து வருகிறோம். இதற்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நூறு பேருக்கு மேல். போன மாதம் குழுவில் பேசியதன் ஸ்கிரீன்ஷாட் வெளியே போய்விட்டது. டேனரியில் வேலை பார்த்துக்கொண்டே எங்களுக்குத் தகவல் சொன்னவருக்கு அதனால் சிக்கல். டெலிகிராமுக்கு மாறலாம் என்கிறான் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன். சிக்னல்தான் நல்லது என்கிறார் இன்னொருவர். அந்த மாதிரி செயலி வைத்திருப்பதே குற்றம் என்று வேறொருவர் பயமுறுத்துகிறார். என்ன செய்வது? (பெயர் வேண்டாம்.)

பதில்: உங்கள் குழுவின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலிலிருந்தே எல்லா உரையாடலுக்கும் முனைக்கு முனை மறைகுறியாக்கம் இருக்கிறது. அனுப்புகிறவர் போனிலும் பெறுகிறவர் போனிலும் மட்டும்தான் செய்தியைப் படிக்க முடியும். நடுவில் இருக்கும் நிறுவனத்தால் முடியாது. ஆனால் நூறு பேர் இருக்கும் குழுவில் நூறு முனைகள். அதில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் மறைகுறியாக்கத்தின் எந்தக் கணிதமும் காப்பாற்றாது. அதே நூறு பேரைக் கூட்டிக்கொண்டு வேறு செயலிக்குப் போனாலும் இதேதான் நடக்கும்.

டெலிகிராம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அது ரகசியமானது என்ற பேச்சு எப்படியோ பரவிவிட்டது. அங்கே முனைக்கு முனை மறைகுறியாக்கம் இருப்பது 'சீக்ரெட் சாட்' என்று தனியாகத் தொடங்கும் இருவர் உரையாடலுக்கு மட்டும். குழுக்களுக்கு அது கிடையாது. குழுவில் பேசுவதெல்லாம் நிறுவனத்தின் சர்வரில், அவர்களால் திறக்க முடிந்த நிலையிலேயே கிடக்கிறது. முறையான சட்டக் கோரிக்கை வந்தால் பயனரின் போன் நம்பரையும், எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தார் என்று காட்டும் ஐபி முகவரியையும் கொடுப்போம் என்று 2024 செப்டம்பரில் அவர்களே கொள்கையைத் திருத்திக்கொண்டார்கள்.

சிக்னல் வேறு ரகம். குழுவுக்கும் மறைகுறியாக்கம் உண்டு. அதோடு, யார் யாருடன் பேசினார்கள் என்ற பதிவையே அது சேர்த்து வைப்பதில்லை. 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று வந்தபோது, கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள், இந்த இரண்டைத் தவிர அவர்களிடம் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. வாட்ஸ்அப்பில் செய்தியின் உள்ளடக்கம் மறைந்திருந்தாலும், யார் எந்தக் குழுவில், எப்போது, யாரோடு என்ற விவரம் நிறுவனத்துக்குத் தெரியும். 2024 முதல் சிக்னலில் போன் நம்பரைக் காட்டாமல் பயனர்பெயரை மட்டும் கொடுத்தும் பேசலாம். உள்ளே வேலை செய்கிறவரோடு பேச இது பெரிய வசதி.

அதனால் என் யோசனை இதுதான். பெரிய குழு வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். ஆனால் அங்கே போடுவதை ஊர் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்: கூட்டம் எத்தனை மணிக்கு, மனு எண் என்ன, அவ்வளவுதான். யார் தகவல் கொடுத்தார், யார் படம் எடுத்தார் என்பது நான்கைந்து பேர் கொண்ட சிக்னல் குழுவோடு நிற்கட்டும். தகவல் சொல்கிறவரை அதிலும் சேர்க்காதீர்கள். உங்களில் ஒருவர் மட்டும் அவரோடு பேசினால் போதும். முடிந்தால் நேரில், போனை வீட்டில் வைத்துவிட்டு.

அப்புறம், அதிகம் கவனிக்கப்படாத இரண்டு ஓட்டைகள். ஒன்று பேக்கப், அதாவது போனுக்கு வெளியே சேமிக்கும் நகல். வாட்ஸ்அப் உரையாடல் கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும்போது, நீங்களாக அமைப்பில் போய் இயக்காவிட்டால் அந்த நகலுக்கு முனைக்கு முனை மறைகுறியாக்கம் இல்லை. 2021-லிருந்து அந்த வசதி இருக்கிறது. 'சாட் பேக்கப்' பகுதியில் போய் இயக்குங்கள். கடவுச்சொல்லை மறந்தால் பேக்கப் போனதுதான், எழுதிப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் போனில் இயக்கினால் மட்டும் போதாது, குழுவில் உள்ள மற்றவர்களும் செய்ய வேண்டும். இரண்டாவது ஓட்டை ஜெராக்ஸ் கடை. மனுவைப் பிரின்ட் எடுக்க அங்குள்ள கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்துவிட்டு அப்படியே வந்துவிடுகிறோம். 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியை இன்றைக்கே பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் வெளியேற்றிவிடுங்கள்.

மறைப்பதைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், உங்கள் புகாரே மறைவாக இருக்கக்கூடாது என்பதுதான் என் கருத்து. தோல் தொழிற்சாலை மாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்ற தீர்ப்பு அது. வழக்குப் போட்டது வேலூர் குடிமக்கள் நல மன்றம், தன் பெயரிலேயே. பயந்து ஒளிய வேண்டிய நிலையில் இருப்பவர் தகவல் கொடுத்த தொழிலாளி. மனு உங்கள் பெயரில், முத்திரையோடு, வெளிச்சத்தில் போகட்டும்.

இதே மறைகுறியாக்கக் கணிதம் மனுவுக்கும் ஒரு உதவி செய்யும். உங்களுக்கு ஸ்கிரீன்ஷாட் பிரச்சினையைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன். 'இந்தப் படம் எடிட் செய்தது' என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். அதற்குத்தான் ஹேஷ். ஒரு கோப்பை ஷா-256 என்ற கணக்கில் போட்டால் 64 எழுத்து, எண் கொண்ட ஒரு வரி வரும். படத்தில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த வரி முழுசாக மாறிவிடும். அதே வரி வரும்படி வேறொரு படத்தைத் தயாரிக்க இன்றுவரை யாருக்கும் வழி தெரியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் இதைக் கேட்கிறது. மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாக வைக்கும்போது பிரிவு 63-இன் கீழ் கொடுக்கும் சான்றிதழில் ஹேஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும்.

செய்முறை எளிது. படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், இடமும் நேரமும் குறித்த உள்விவரமும் போய்விடும், ஹேஷும் மாறிவிடும். எனவே எடுத்த போனிலிருந்து கேபிள் போட்டு அசல் கோப்பை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஹேஷ் எடுக்கும் கட்டளை கூடவே வருகிறது. கம்ப்யூட்டர் படிக்கும் அந்தத் தம்பியிடம் சொன்னால் ஒரு நிமிட வேலை. வந்த வரியை மனுவிலேயே அச்சிட்டு, திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். அந்தத் தேதியில் அந்தப் படம் அதே வடிவில் இருந்தது, பிறகு யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அரசு முத்திரையே சாட்சி. படம் எந்த நாளில் எடுத்தது என்பதை ஹேஷ் நிரூபிக்காது; எடுத்தவர்தான் அதைச் சொல்ல வேண்டும். அதனால் படத்தை உள்ளே வேலை செய்கிறவர் எடுக்காமல், சாட்சிக் கூண்டில் ஏறத் தயாராக இருக்கும் ஒருவர் பொது இடத்தில் நின்று எடுப்பது நல்லது.

சரி, சட்டம். சாதாரண மக்கள் மறைகுறியாக்கச் செயலி வைத்திருப்பதை இந்தியாவில் எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொல்லிவிட்டது. மறைகுறியாக்கிய செய்திகளின் நகலை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2015-இல் மத்திய அரசு ஒரு வரைவு கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. செய்தியை முதலில் அனுப்பியவரைப் பெரிய நிறுவனங்கள் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதி சொல்கிறது; வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. எப்படியானாலும் அந்தக் கடமை நிறுவனத்துக்கு, உங்களுக்கு அல்ல.

தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 69-ஐ மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மறைகுறியாக்கத்தை அவிழ்க்கச் சொல்லி அதன்கீழ் ஆணையிடலாம், உதவ மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் அந்த ஆணைக்கு உள்துறைச் செயலாளர் மட்டத்தில் ஒப்புதல் வேண்டும். ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் வாய்வார்த்தையில் சொல்வது அந்த ஆணை ஆகாது. போனைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதி நகல் கேளுங்கள். பாஸ்வேர்டைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை, ஆகவே வக்கீலைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். செய்திகள் தானாக மறையும்படி இப்போதே அமைத்து வைப்பதில் தவறில்லை. நோட்டீஸ் வந்த பிறகு உட்கார்ந்து அழிப்பது வேறு; அது ஆதாரத்தை அழித்த குற்றமாகிவிடும்.

குழு அட்மின் என்பதற்காக மட்டும் யாரோ போட்ட பதிவுக்கு ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. வெறும் அட்மினாக இருந்தவரின் பெயரை போலீஸ் தாக்கல் செய்யும் இறுதி அறிக்கையிலிருந்து நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் கூறியிருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும், தொலைபேசி 15100. உங்களுக்குத் தகவல் சொன்னவர் தொழிலாளி என்பதால் அவருக்கும் இது பொருந்தும். வேலையில் தொந்தரவு வருமுன் அவரை ஒருமுறை அங்கே பேசச் சொல்லுங்கள்.